ஒரு தூண்டில் போதும்பா!

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் பிளேனோ நகரின் பூங்காக் குளம். கரையில் ஓர் அப்பாவும் அவருடைய 11 வயது மகனும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மீன் பிடிக்க வந்தவர்கள்தான். ஆனால், அப்பாவின் கையில் இருந்தது கத்தரிக்கோல்.

ஏப்ரலில் மகனின் பிறந்தநாளுக்கு வாங்கிய புத்தம் புது ரீல் அது. முதல் வீச்சிலேயே உள்ளே இருந்த நரம்பு மொத்தமும் சுருண்டு, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிட்டது. இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவிலும் பறவைக் கூடு என்றுதான் பெயர். ஒரு முனையைத் தேடி இழுத்தால் இன்னொரு பக்கம் இறுகியது. 20 நிமிடம் போராடிவிட்டு, வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த 20 நிமிடத்தில், எதிர்க்கரைப் புல்லோரமாக இரண்டு முறை மீன் துள்ளிய சத்தம் கேட்டது.

"அப்பா, இதைக் கடையில திருப்பிக் கொடுக்க முடியாதா?"

"யூஸ் பண்ணிட்டோமேடா. எடுத்துக்க மாட்டாங்க."

ராடும் ரீலும் சேர்த்து 130 டாலர். ஏப்ரலில் அது அவருக்குப் பெரிய தொகையாகத் தெரியவில்லை. ஜூனில் தெரிந்தது.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய காலண்டர்

அவருக்கு 39 வயது. கும்பகோணத்தை அடுத்த அணைக்கரைதான் சொந்த ஊர். டெக்சாஸுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. மே மாதக் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய குழுவில் பாதிப் பேருக்கு வந்த அதே மின்னஞ்சல்தான். அந்த வாரத்தோடு வேலை முடிந்தது.

எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறொரு நிறுவனம் இவருக்காக மனு தாக்கல் செய்ய வேண்டும். இல்லையென்றால் வேறு விசா நிலைக்கு மாற வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். மனைவி எச்4 விசாவில் இருந்தார். வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில், ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் சின்னதாக ஓர் எண்ணை எழுதிவைத்தார். 60, 59, 58 என்று இறங்குவரிசையில்.

மகனிடம் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்த பயணம் ரத்தானது. இந்த நேரத்தில் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும். மகனிடம் சொன்ன காரணம், "டிக்கெட் ரேட் ஏறிடுச்சுடா கண்ணா." அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்.

"அப்போ தினமும் ஃபிஷிங் போலாமாப்பா?"

சரி என்றார் அப்பா. அந்தச் சனிக்கிழமைதான் முதல் நாள். காலண்டரில் 52.

தாத்தா கேட்ட மூன்று கேள்விகள்

காலை ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதும் அணைக்கரைக்கு வீடியோ கால் போனது. அங்கே இரவு ஏழரை. தாத்தா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கொள்ளிடக் கரையில் வளர்ந்தவர் அவர். மூங்கில் கழி, நரம்பு, மிதக்கவிட நெட்டித் துண்டு, கொட்டாங்கச்சியில் மண்புழு. அவர் காலத்துத் தூண்டில் சாமான் அவ்வளவுதான்.

பேரன் சிக்கிப்போன ரீலைக் காட்டினான். தாத்தா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அது கெடக்கட்டும். என்ன மீனுக்குப் போனீங்க?"

"பாஸ்னு ஒரு மீன் தாத்தா. பச்சையா இருக்கும். வாய் ரொம்பப் பெருசு."

"எங்க கெடக்கும்?"

"புல்லுக்குள்ள. விழுந்த மரத்துக்குக் கீழ. நிழல்ல."

"என்ன திங்கும்?"

"சின்ன மீன், தவளை, புழு... வாய்க்குள்ள போற எல்லாத்தையும்."

தாத்தா சிரித்துவிட்டார். "அட, நம்ம விரால் மாதிரியில்ல இருக்கான்! இதைத் தெரிஞ்சிக்கிட்டுக் கடைக்குப் போகணும்டா. நீங்க கடைக்குப் போயிட்டு வந்து மீனைத் தேடுறீங்க."

விராலுக்கும் லார்ஜ்மவுத் பாஸுக்கும் உறவு எதுவும் கிடையாது. பாஸ், வட அமெரிக்காவின் சன்ஃபிஷ் குடும்பத்து நன்னீர் மீன். ஆனால், வேட்டையாடும் விதத்தில் தாத்தா சொன்னது ரொம்பச் சரி. இரண்டும் இரையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் ஓடுவதில்லை. செடிகொடிக்குள்ளோ நிழலிலோ அசையாமல் கிடந்து, கிட்டத்தில் இரை வந்ததும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். நம் ஊரில் விராலுக்குத் தவளையைக் கோத்துப் போடுவார்கள். அமெரிக்கக் கடைகளில் பாஸுக்கென்றே ரப்பர் தவளை விற்கிறார்கள்.

அன்று இரவு அப்பா ஒரு தாளில் எழுதினார். முதலில் மீன். அடுத்து, அது கிடக்கும் இடம். அது தின்னும் இரை. அந்த இரையைத் தாங்கும் முள். அந்த முள்ளுக்குப் பொருத்தமான நரம்பு. கடைசியாகத்தான் ரீலும் ராடும். ஏப்ரலில் அவர் இதைத் தலைகீழாகச் செய்திருந்தார். இருப்பதிலேயே பளபளப்பான ரீலை முதலில் எடுத்தார். அதற்குத் தோதாக ராடு. பிறகு 100 சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்று. என்ன மீன், எங்கே கிடக்கும் என்ற கேள்வியே அப்போது எழவில்லை.

சுவர் நிறைய புழு

அடுத்த வாரம் ஒருநாள் மறுபடி கடைக்குப் போனார்கள். மனைவி கொடுத்த வரம்பு 60 டாலர். மீன்பிடி உரிமம் ஏற்கெனவே இருந்தது. டெக்சாஸில் வசிப்பவர்களுக்கு நன்னீர் உரிமம் 30 டாலர். 17 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு உரிமம் வேண்டாம்.

தூண்டில் சாமான் பகுதிக்குள் நுழைந்தால் தி.நகர் புடவைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சுவர் முழுக்க ரப்பர் புழு. ஊதா, கறுப்பு, பச்சை, மினுமினுப்பு தூவியது, வால் சுருண்டது, கால் வைத்தது. பக்கத்தில் கண் வைத்த மர மீன்கள், சுழலும் தகடுகள், தவளைகள். இவற்றில் பாதி, மீனுக்கு முன்னால் மனிதர்களைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

ரீலில் மூன்று வகை உண்டு. மேலே மூடி போட்டு, பின்னால் பொத்தான் வைத்தது ஸ்பின்காஸ்ட். பொத்தானை அழுத்தி, வீசும்போது விட்டால் போதும். ஓக்லஹோமாவின் துல்சா நகரில் ஜீரோ ஹவர் பாம் கம்பெனி என்று ஒன்று இருந்தது. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி தயாரித்த நிறுவனம். 1949-ல் இந்த வகை ரீலைச் செய்யத் தொடங்கிய அந்த நிறுவனம்தான் பின்னாளில் ஜெப்கோ ஆனது. சின்னப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் பிடிப்பது இந்த ரீலைத்தான்.

இரண்டாவது, ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல். வீசும்போது இதன் உருளை சுழலாது. நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். அதனால் சிக்கல் குறைவு. எடை குறைந்த இரையையும் தூரமாக வீசலாம்.

மூன்றாவது, ராடுக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்ட் ரீல். இதில் உருளையே சுழலும். இரை வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுற்றினால், வெளியே போக இடமில்லாத நரம்பு உள்ளேயே குவியும். பறவைக் கூடு இப்படித்தான் உருவாகிறது. கட்டைவிரலால் உருளையை லேசாக அழுத்திக் கட்டுப்படுத்தப் பழகியவர்களுக்கு இதைவிடத் துல்லியமான ரீல் இல்லை. முதல் நாள்காரருக்கு இது தலைவலி. பிறந்தநாளுக்கு வாங்கியது இதைத்தான்.

இந்த முறை ஸ்பின்னிங் ரீலை எடுத்தார்கள். 2500 என்று அளவு போட்டது. கூடவே ஆறரை அடி ராடு. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் மீடியம், ஃபாஸ்ட் என்று இருந்தது. மீடியம் என்பது ராடு எவ்வளவு விறைப்பு என்பதைச் சொல்கிறது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், கீழ்ப்பாகம் நிமிர்ந்து நிற்கும். மீன் தொட்டால் நுனியில் தெரியும். இழுத்து முள்ளைப் பதிக்க அடிப்பாகத்தில் வலு இருக்கும். எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் இரை என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் விற்பனையாளரிடம் பாதிக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டும் சேர்ந்த செட் 36 டாலர். அப்பா இரண்டு செட் எடுத்து வண்டியில் வைத்தார். பிறகு கைபேசியில் கணக்குப் போட்டார். ஒன்றை எடுத்தார். மறுபடி வைத்தார்.

மகன் ஒரு செட்டைத் தூக்கி, அது இருந்த இடத்திலேயே திருப்பி மாட்டினான்.

"ஒரு தூண்டில் போதும்பா. மாத்தி மாத்திப் போடலாம்."

"இல்லடா, நீ ஒண்ணு, நான் ஒண்ணு..."

"எனக்குத் தெரியும்பா." அவன் ரப்பர் புழு பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஃப்ரிட்ஜ் காலண்டர்ல அம்மா நம்பர் எழுதுறாங்கல்ல. இன்னைக்கு 47. நைட்டு நீங்க பேசினதும் கேட்டுச்சு."

அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் தவளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்து போகும்வரை இருவரும் சும்மா நின்றார்கள்.

"பயமா இருக்காடா?"

"கொஞ்சம். உங்களுக்கு?"

"எனக்கும் கொஞ்சம்."

"சரி. புழு என்ன கலர் எடுக்கலாம்?"

பெரிய எண்ணுக்குச் சின்ன முள்

தண்ணீர் தெளிவாக இருந்தால் இயற்கை நிறம், கலங்கலாக இருந்தால் கறுப்பு மாதிரி அடர்ந்த நிறம். நிறத்துக்கு இந்த ஒரு விதி ஆரம்பத்தில் போதும். பூங்காக் குளத்தில் கரையோரம் அடி தெரியும். அதனால், பூசணிப் பச்சையில் ஐந்து அங்குல ரப்பர் புழு ஒரு பாக்கெட். 7 டாலர்.

இந்த ரப்பர் புழுவுக்கும் டெக்சாஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1949-ல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து விற்பனைக்குக் கொண்டுவந்த புழு, அமெரிக்கர்கள் பாஸ் பிடிக்கும் முறையையே மாற்றியது. அவர் பிற்பாடு தொழிலை டாலஸுக்குக் கிழக்கே உள்ள டைலர் நகருக்குக் கொண்டுவந்தார்.

முள் வாங்கும் இடத்தில்தான் மகனுக்குக் குழப்பம். 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகிறது. அதற்கு அப்புறம் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகிறது. "யாருப்பா இதைக் கண்டுபிடிச்சது?" என்றான். சாதாரண வளைவு முள் 1/0-ல் ஒரு பாக்கெட். கழுத்தில் மடிப்பு வைத்த அகல வளைவு முள் 3/0-ல் ஒரு பாக்கெட். தலா 3 டாலர். சாதா மோனோ நைலான் நரம்பு, 8 பவுண்டு தாங்குவது, 5 டாலர்.

8 பவுண்டு என்றால் சுமார் மூன்றரை கிலோ இழுவையைத் தாங்கும். பின்னல் நரம்பு இதைவிட வலுவானது. ஃப்ளோரோகார்பன் தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது. ஆனால், மோனோ கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பழகாதவர் படபடப்பில் வெடுக்கென்று இழுத்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். முடிச்சும் எளிதாகப் போடலாம். விலையும் குறைவு.

எல்லாம் சேர்த்து 54 டாலர். வரியோடு 58 டாலர் 46 சென்ட். ஈயக்குண்டு வாங்கவில்லை. வீட்டில் இருந்த 100 சாமான் பெட்டியில் அது இருந்தது. அந்தப் பெட்டியில் அவர்களுக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

மண்புழுவா, ரப்பர் புழுவா?

தாத்தாவின் ஓட்டு மண்புழுவுக்கு. ஒரு நாள் அதையும் பார்த்துவிடலாம் என்று பின்வீட்டு ஈர மண்ணைக் கிளறி ஏழெட்டுப் புழு எடுத்துப் போனார்கள். முள் தண்ணீரைத் தொட்ட நொடியில் கடி. உள்ளங்கை அகல மீன், காது மடலில் கருநீலப் பொட்டு. ப்ளூகில். பாஸின் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன உறவுக்காரன். ஒரு மணி நேரத்தில் ஆறு ப்ளூகில். மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் முறை தூண்டில் பிடிக்கும் பிள்ளைக்கு மண்புழுவைவிட நல்ல இரை கிடையாது. கடி எப்படி இருக்கும் என்பதைக் கைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். ஆனால், அதில் சிக்கல் இரண்டு. பாஸ் வருவதற்குள் சின்ன மீன்கள் புழுவைப் பிய்த்துத் தின்றுவிடும். அடுத்தது, உயிர்ப்புழுவை மீன் சட்டென்று ஆழமாக விழுங்கிவிடுகிறது. முள் தொண்டைக்குள் போனால் எடுப்பது கஷ்டம், திருப்பி விட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம். ஆறாவது ப்ளூகில்லுக்கு அப்படித்தான் ஆனது. அன்று மாலையே அப்பா குறட்டால் எல்லா முள்ளின் எதிர்முனைகளையும் நசுக்கிவிட்டார். முள் சுலபமாகக் கழன்று வரும்.

ரப்பர் புழுவில் கதை வேறு. வாயில் போட்டதும் இது இரையில்லை என்று பாஸுக்குத் தெரிந்துவிடும். துப்புவதற்குள் இழுக்க வேண்டும். முள் பெரும்பாலும் உதட்டோரம்தான் பதியும்.

கோக்கும் விதம் இரண்டு கற்றுக்கொண்டார்கள். ஒன்று, 1/0 முள்ளைப் புழுவின் நட்டநடுவில் குத்துவது. குண்டு கிடையாது. தண்ணீரில் போட்டால் இரண்டு நுனியும் நடுங்கிக்கொண்டே மெதுவாக இறங்கும். திறந்த தண்ணீருக்கு இது. இன்னொன்று டெக்சாஸ் ரிக். நரம்பில் தோட்டா வடிவக் குண்டைக் கோத்து, 3/0 முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடுவது. செடிக்குள் போட்டாலும் சிக்காமல் வரும்.

பன்றி வால் முடிச்சு

எண் 38. மாலை ஏழு மணி. அப்பாவின் முறை. எதிர்க்கரையில் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த மரத்துப் பக்கம் வீசினார். நரம்பு திடீரென்று பக்கவாட்டில் நகர்ந்தது. இழுத்தார். ராடு வளைந்தது. மகன் கத்தினான். மூன்று நொடி. அவ்வளவுதான். எல்லாம் தளர்ந்துவிட்டது.

நரம்பைச் சுற்றி எடுத்தால் முள்ளைக் காணோம். நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தது. நரம்பு அறுந்திருந்தால் நுனி வெட்டுப்பட்டது போல இருக்கும். சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று பொருள். பிழை நரம்பில் இல்லை, கட்டியவரிடம்.

அன்று காலையில்தான் ஒரு நேர்காணலின் கடைசிச் சுற்றில் இவரை நிராகரித்திருந்தார்கள். அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் பாலமர் முடிச்சைத் தேடி எடுத்தான். நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சு போட்டு, வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்து இறுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். காய்ந்த நைலான் உரசலில் சூடாகி வலு இழந்துவிடும். அவர்கள் அதுவரை எச்சில் தொட்டதே இல்லை.

கையில் இருந்த பழைய நரம்புத் துண்டில் இருட்டும் வரை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள். வீடு திரும்பும் வழியில் அப்பா, ஜார்ஜ் பெரியின் கதையைச் சொன்னார். 1932-ம் வருடம் ஜூன் 2. பொருளாதாரப் பெருமந்த காலம். ஜார்ஜியா மாநிலத்து ஏழைப் பண்ணை இளைஞர் அவர். மாண்ட்கோமரி ஏரிக்கு நண்பரோடு போனபோது இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே தூண்டில், ஒரே செயற்கை இரை. மாற்றி மாற்றி வீசியதில் பெரியின் முறை வந்தபோது மாட்டியது 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ். சுமார் 10 கிலோ! உலக சாதனை. 77 வருடம் கழித்து, 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்தார். பெரி பிடித்த மீனை அவர் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டது.

"அவங்களுக்கும் ஒரே தூண்டில்தானா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டான் மகன்.

எண் 27

டெக்சாஸ் கோடையில் பகல் வெயிலில் பாஸ் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். விடியற்காலையும் சாயங்காலமும்தான் கரையோரம் வரும். அன்று விடிவதற்கு முன்பே குளத்தில் இருந்தார்கள். மகனின் முறை. நடுவில் குத்திய புழு. அவன் மரத்தின் மேல் வீசவில்லை. மரத்துக்குச் சற்றுத் தள்ளி வீசி, நிழலின் ஓரமாக இறங்கவிட்டான். ஐந்து வரை எண்ணினான். ரீலைச் சுற்றவே இல்லை. ரப்பர் புழுவைப் பொறுத்தவரை, ஆரம்பக்காரர்கள் செய்யும் பெரிய தவறு சுற்றிக்கொண்டே இருப்பதுதான்.

நரம்பு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

இழுத்தான். ரீல் கரகரவென்று நரம்பை விட்டுக்கொடுத்தது. அந்த விட்டுக்கொடுக்கும் திருகை அப்பா முதல் நாளே கையால் இழுத்துப் பார்த்துச் சரிசெய்து வைத்திருந்தார். மீன் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. முடிச்சு நின்றது.

கையை நனைத்துக்கொண்டு, கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினான். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. அளந்தால் 12 அங்குலம். டெக்சாஸின் பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைவான லார்ஜ்மவுத் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, மீனைத் தண்ணீருக்குள் பிடித்திருந்தான். அது வாலை அடித்துக்கொண்டு போனது. அவன் கையை உடனே எடுக்கவில்லை.

வீட்டில் படத்தைப் பார்த்த அம்மா, அன்று காலண்டரில் 27-க்குப் பக்கத்தில் ஒரு மீன் வரைந்தார்.

முதல் பெட்டியில் என்ன இருக்கலாம்?

பாஸ் மீன்பிடிப்பைத் தொடங்க நினைப்பவர்களுக்கு, அந்த அப்பாவும் மகனும் கற்றுக்கொண்டதன் சுருக்கம்:

* ராடு: ஆறரை முதல் ஏழு அடி, மீடியம், ஃபாஸ்ட். ரீல்: 2500 அளவு ஸ்பின்னிங். ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் பொத்தான் வைத்த ஸ்பின்காஸ்ட்.
* நரம்பு: 8 அல்லது 10 பவுண்டு மோனோ. உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்றினால் போதும். வழிய வழியச் சுற்றினால் சிக்கும்.
* இரை: ஐந்து அங்குல ரப்பர் புழு, ஒரே நிறத்தில் ஒரு பாக்கெட். அதில் மீன் பிடித்த பிறகு சுழலும் தகடு, தவளை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.
* முள்: 1/0 மற்றும் 3/0. எதிர்முனையை நசுக்கிவிடுங்கள். முள் கழற்ற மூக்கு நீண்ட குறடு கட்டாயம் வேண்டும்.
* பாலமர் முடிச்சு. எச்சிலை மறக்காதீர்கள்.
* உரிமம், அளவு விதி எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகும் முன் பாருங்கள். பிய்ந்த ரப்பர் புழுவையும் வெட்டிய நரம்பையும் கரையில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

அணைக்கரைக்கு ஒரு பாக்கெட்

எண் 9-ல் வேலை கிடைத்தது. வடக்கு கரோலைனா மாநிலத்தின் சார்லட் நகரில். முன்பைவிடச் சம்பளம் குறைவு. புது நிறுவனம் மனுவைத் தாக்கல் செய்துவிட்டது என்ற செய்தி வந்தபோது காலண்டரில் எண் 3. அம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லை. மீன் வரைந்த தாள் என்பதால் மடித்து வைத்துக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்தபோது 100 சாமான் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தார்கள். பெய்ட்காஸ்ட் ரீலை விற்றுவிடலாமா என்று அப்பா கேட்டார். மகன் வேண்டாம் என்றான். "கட்டைவிரல் பழகினதும் யூஸ் பண்ணிக்கலாம்பா. அதுவரைக்கும் இருக்கட்டும்." அவனுடைய சொந்தப் பெட்டி, மதியச் சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. ரப்பர் புழு, இரண்டு பாக்கெட் முள், ஈயக்குண்டு, குறடு.

புறப்படும் நாளன்று தாத்தா கூப்பிட்டார். புது ஊர் எப்படி, வீடு பார்த்தாச்சா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் பேரனைக் கேட்டார்.

"அந்த ரப்பர் புழு ஒரு பாக்கெட் எவ்வளவுடா?"

"ஏழு டாலர் தாத்தா. எதுக்கு?"

"யாராச்சும் ஊருக்கு வந்தா குடுத்தனுப்பு. நம்ம விரால் அதைக் கடிக்குதா இல்லையான்னு பாத்துடுவோம்."